தொரைக்கு மருந்து போட்ட கதை

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக்கொடு என்று இதழ்க்குழுத் தோழி மூன்று முறை கேட்டுவிட்டாள். முதல் முறை கேட்டபோது மொழி பற்றி எழுதுவதாகச் சொன்னேன். இரண்டாம் முறை தோட்டப்புற வாழ்க்கை பற்றி எழுதுவதாகச் சொன்னேன். மூன்றாம் முறை அவள் நாள் குறித்துவிட்டாள். எழுத உட்கார்ந்தால் எங்கள் வீட்டுப் பூனைதான் வந்து நிற்கிறது. அதைப் பற்றி எழுதினாலும் மொழியும் தோட்டமும் கொஞ்சம் வரத்தான் போகின்றன. ஆகவே தோழிக்குக் கொடுத்த வாக்கு முழுவதும் பொய்யாகிவிடாது.

எங்கள் வீடு கிள்ளானில், ஒரு தாமானின் கடைசி வரிசையில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் பெரிய கால்வாய். 2021ஆம் ஆண்டு, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்த நாள்களில், அந்தக் கால்வாய் ஓரத்திலிருந்து மஞ்சள் நிறக் குட்டி ஒன்று மெல்ல நடந்து வந்து எங்கள் பின்வாசலில் உட்கார்ந்தது. யாரும் கூப்பிடவில்லை. அது கத்தவும் இல்லை. உட்கார்ந்து வீட்டை மேலும் கீழும் பார்த்ததாம். அதைக் கண்ட பாட்டி, "தொரை வந்துட்டாரு பாரு" என்று சிரித்தார்.

பாட்டி கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்துத் துரை காலையில் வந்து, மரம் மரமாகப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போவாராம். பூனையின் நடையும் பார்வையும் அப்படியே இருந்ததால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. வீட்டில் அதற்கு மட்டும்தான் மரியாதைப் பன்மை. "தொரை சாப்ட்டாரா?", "தொரை எங்க போனாரு?" என்றுதான் பாட்டி கேட்பார். அப்பாவைப் பற்றிக் கேட்கும்போதுகூட "எங்க அவன்?" என்பார்.

2023ஆம் ஆண்டு தவணை விடுமுறைக்கு நான் வீட்டுக்குப் போனபோது தொரைக்குப் பூச்சி பிடித்திருந்தது.

இந்தப் பூச்சிக்குப் பெயர் சொல்வதே எங்கள் வீட்டில் ஒரு சிக்கல். அம்மா உண்ணி என்பார். பாட்டிக்கு அது பேன். தம்பி மலாயில் 'குத்து' என்பான். அது கடிக்கும் விதத்தைப் பார்த்தால் அந்தப் பெயரே பொருத்தம் என்று தோன்றும். உண்மையில் இம்மூன்றும் வேறு வேறு உயிர்கள். உண்ணி எட்டுக்கால் உள்ளது, தோலில் மொச்சைக்கொட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். பேன் மயிரைப் பற்றிக்கொண்டு வாழும். துள்ளி ஓடி மறையும் இதற்குத் தமிழில் தெள்ளு, தெள்ளுப்பூச்சி என்று நல்ல சொல் இருக்கிறது. நான் அந்தச் சொல்லை வீட்டில் பயன்படுத்தியபோது, "பல்கலைக்கழகத்துல இதத்தான் சொல்லிக் குடுக்கிறாங்களா?" என்று அம்மா கேட்டார்.

அம்மாவின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. பாட்டிக்கு இனிப்பு நீர் பல ஆண்டுகளாக இருக்கிறது. தெள்ளுப்பூச்சி பெரும்பாலும் தரையிலிருந்து துள்ளி, எட்டிய இடத்தில் கடிக்கும். அதனால் பாட்டியின் கணுக்காலைச் சுற்றிச் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். அவர் தூக்கத்தில் சொறிந்து, இடது காலில் இரண்டு இடங்களில் புண்ணாகிவிட்டது. இனிப்பு நீர்க்காரர்களின் கால் புண் எங்கே கொண்டு போய்விடும் என்பது எங்கள் குடும்பத்துக்குத் தெரியும். தாத்தாவுக்கு ஒரு விரலில் தொடங்கி முழங்கால்வரை போயிற்று. அம்மாதான் மருத்துவமனையில் கூட இருந்து பார்த்தவர்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள பூச்சி போகலன்னா, அப்பாகிட்ட சொல்லி பாசார்ல கொண்டுபோய் விட்டுறச் சொல்லிருவேன்" என்றார் அம்மா.

நம் ஊரில் பூனையைக் கைவிட நினைப்பவர்கள் மீன் சந்தையில்தான் விடுவார்கள். மீன் தலையும் குடலும் கிடைக்கும், பிழைத்துக்கொள்ளும் என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். சந்தையில் அப்படி விடப்பட்ட பூனைகள் லாரிகளுக்கு அடியில் ஓடுவதை நாம் எல்லாருமே பார்த்திருக்கிறோம். நான் பாட்டியைப் பார்த்தேன். மடியில் தொரையை வைத்துக்கொண்டு தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சொன்னது காதில் விழாதது போல இருந்தது. ஆனால் பூனையைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

அன்று செவ்வாய்க்கிழமை. எனக்கு ஐந்து நாள் இருந்தது.

செய்தி சொந்தக்காரர்கள் வட்டத்தில் பரவியதும் ஆலோசனைகள் வந்தன. ஈப்போ சித்தி, சூடத்தைப் பொடித்துத் தேங்காய் எண்ணெயில் கலந்து தேய்க்கச் சொன்னார். பாட்டி மண்ணெண்ணெய் என்றார். "தோட்டத்துல எங்க தலைக்கே அதான். ஒரு பேன் இருக்காது" என்று பெருமையாகச் சொன்னார். தம்பி புலனத்தில் யாரோ அனுப்பிய காணொளியைக் காட்டினான். அதில் எலுமிச்சை. இவற்றை எல்லாம் நான் படித்த பிள்ளை என்ற மிடுக்கோடு ஒதுக்கிவிட்டேன். என்னிடம் அறிவியல் முறை இருந்தது. தொரையின் முதுகை நெருக்கமான பல் உள்ள பேன் சீப்பால் வாரி, உதிர்ந்த கருந்துகள்களை ஈரமான வெள்ளைத் தாளில் போட்டேன். சற்று நேரத்தில் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செம்பழுப்பு நிறம் பரவியது. அது வெறும் அழுக்கு அன்று, தெள்ளுப்பூச்சியின் எச்சம், அதாவது பூனையின் செரித்த இரத்தம். பாட்டியிடம் தாளைக் காட்டி, "இது உங்க தொரையோட ரத்தம்" என்றேன். அவர் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். காட்டியிருக்க வேண்டாம்.

மறுநாள் பக்கத்து வீட்டுச் சீன அங்கிளிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவரிடம் பெரிய நாய் ஒன்று உண்டு. உள்ளே போய்ச் சிறு குழல் ஒன்றை எடுத்து வந்து, "நா, ஆம்பில். அஞ்சிங் பூஞா, தாவ்?" என்றார். நாயினுடையது என்று அவர் தெளிவாகவே சொன்னார். நான் தலையாட்டி வாங்கிக்கொண்டேன். பெட்டி இல்லை, குறிப்புத்தாள் இல்லை, குழல் மட்டும். அதன்மேல் இருந்த பொடி எழுத்தில் எடைக் கணக்கு ஒன்றைத்தான் படித்தேன். பத்து முதல் இருபத்தைந்து கிலோ எடையுள்ள நாய்க்கு.

இனி நான் செய்ததைப் பாருங்கள். நாயின் மேல் இருப்பதும் பூனையின் மேல் இருப்பதும் பெரும்பாலும் ஒரே தெள்ளுப்பூச்சிதான் என்று இணையத்தில் படித்திருந்தேன். அது உண்மையும்கூட. அறிவியல் உலகம் பூனைத் தெள்ளு என்று அழைக்கும் இனம்தான் நாய்களையும் அதிகமாகப் பிடிக்கிறது. பூச்சி ஒன்றென்றால் மருந்தும் ஒன்றுதானே? குளியலறை எடைக்கருவியில் தொரையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன், பிறகு தனியாக ஏறினேன், கழித்தேன். நான்கு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே குழலில் நாலில் ஒரு பங்கு. கடையில் முப்பது, நாற்பது ரிங்கிட் கொடுக்க வேண்டிய வேலையை இலவசமாக முடிக்கிறேன் என்ற பெருமை வேறு. என் கழித்தலும் வகுத்தலும் சரியாகத்தான் இருந்தன.

வியாழக்கிழமை பிற்பகல் தொரை சலவை இயந்திரத்தின்மேல் தூங்கிக்கொண்டிருந்தார். தம்பி பெரிய துண்டோடு ஒரு பக்கம், நான் குழலோடு மறுபக்கம். மருந்தை மண்டையோட்டுக்குக் கீழே, பிடரியில், மயிரை விலக்கித் தோலில் விட வேண்டும். அந்த ஓர் இடம்தான் பூனையின் நாக்குக்கு எட்டாது. தம்பி துண்டைப் போர்த்தி அணைத்தான். தொரை கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தார். ஒன்றும் செய்யவில்லை. இவ்வளவு எளிதா என்று நினைத்தேன். மயிரை விலக்கினேன், குழலின் நுனியை வைத்தேன், அழுத்தினேன்.

அந்தக் குளிர்ச்சி தோலில் பட்டதுதான் தாமதம். நனைந்த சவர்க்காரக் கட்டி கையிலிருந்து வழுக்குவதைப் போலத் தொரை துண்டுக்குள்ளிருந்து பின்பக்கமாக வெளியேறினார். போகிற போக்கில் தம்பியின் முழங்கையில் நான்கு கோடுகள், என் மணிக்கட்டில் இரண்டு. குழல் என் சட்டைக் கையில் பீய்ச்சியது. சவர்க்காரத் தூள் டப்பா கவிழ்ந்தது. பூனை அடுப்படியைத் தாண்டிப் பாட்டியின் அலமாரிக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டது. அளந்து வைத்ததில் பாதிகூட அதன்மேல் விழவில்லை. எனக்குக் கடுப்பு. "இன்னொரு தடவ பிடி, மிச்சத்தையும் போட்டுருவோம்" என்றேன். தம்பி தன் முழங்கையைக் காட்டிவிட்டு வெளியே போய்விட்டான்.

இரவு ஒன்பது மணி வாக்கில் தொரை தானே வெளியே வந்தார். காது துடித்தது. ஈ மொய்த்தால் துடிக்குமே, அப்படி. பிறகு முன்னங்காலை ஈரத்தில் வைத்ததைப் போல உதறினார். நாலடி நடந்து மீண்டும் உதறினார். கோபத்தில் இருக்கிறார் என்று நான் சிரித்தேன். பாட்டிதான் குனிந்து முதுகில் கை வைத்தார்.

"ஏ புள்ள, தொரைக்கு ஒடம்பு நடுங்குது."

கையை வைத்துப் பார்த்தேன். தோலுக்கு அடியில் சிறு சிறு அலைகளாக ஓடிக்கொண்டிருந்தது. கைப்பேசியில் குழலில் இருந்த மருந்தின் பெயரையும் பூனை என்ற சொல்லையும் சேர்த்துத் தேடினேன். பெர்மெத்ரின். முதலில் வந்த பக்கத்தின் முதல் வரியே போதுமானதாக இருந்தது.

இரவு முழுவதும் திறந்திருக்கும் விலங்கு மருத்துவமனைக்கு அழைத்தேன். பாத்திரம் கழுவும் திரவத்தைக் கொண்டு வெதுவெதுப்பான நீரில் மருந்து பட்ட இடத்தை உடனே கழுவுங்கள், சூடான நீர் வேண்டாம், துடைத்துச் சூடு குறையாமல் போர்த்தி எடுத்து வாருங்கள், குழலையும் மறக்காதீர்கள் என்றார்கள். அம்மா அடுப்பில் நீர் வைத்து விளாவினார். நான் கழுவினேன். ஒரு துளி குளிர்ச்சிக்கே இரண்டு பேரைக் கிழித்த பூனை, தலைக்குப் பின்னால் நுரை வழிய, என் கையில் பேசாமல் கிடந்தது. அது பிறாண்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்பா துறைமுகத்தில் கொள்கலன் லாரி ஓட்டுபவர். அன்று பதினான்கு மணி நேரம் ஓட்டிவிட்டு அப்போதுதான் குளித்திருந்தார். ஒன்றும் கேட்காமல் கார் சாவியை எடுத்தார். கூட்டரசு நெடுஞ்சாலையில் போகும்போது பின் இருக்கையில் என் மடியில் தொரை வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. அப்பா ஒரே ஒரு முறை, "நாய் மருந்தா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குமேல் அவர் பேசவில்லை.

மருத்துவர் ஓர் இளம் மலாய்ப் பெண். குழலைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார், திட்டவில்லை. இந்த நஞ்சுக்கு நேரடி மாற்று மருந்து இல்லை. தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுத்து, நரம்பு வழியாக நீர் ஏற்றி, உடல் சூட்டைக் கட்டுக்குள் வைத்து, உடம்பே அதை வெளியேற்றும்வரை காத்திருக்க வேண்டும். எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டார். அளந்த கணக்கைச் சொல்லி, பாதிக்குமேல் என் சட்டையில் விழுந்துவிட்டது, பூனை திமிறிவிட்டது என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, நல்ல வேளை என்றார்.

அடுத்த நாள் அவரே பொறுமையாக விளக்கினார். நச்சுப் பொருள்களோடு ஒரு சர்க்கரைப் பொருளை ஒட்டவைத்து நீரில் கரையச் செய்து வெளியேற்றும் வேலையை நாயின் கல்லீரலும் நம் கல்லீரலும் செய்கின்றன. பூனைக் குடும்பத்துக்கு அந்த ஆற்றல் மிகக் குறைவு. அதற்கான மரபணு ஒன்று பூனைகளில் செயலிழந்து கிடப்பதை 2000ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். நாம் காய்ச்சலுக்குப் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமோல் மாத்திரை ஒன்றே பூனையைக் கொன்றுவிடக்கூடும் என்பதும் இதனால்தான். ஆதி நாளிலிருந்தே இறைச்சி மட்டும் தின்று வந்த விலங்கு, செடிகொடிகளின் நஞ்சை முறிக்கத் தேவையில்லாமல் அந்தக் கருவியைத் தொலைத்துவிட்டது என்று காரணம் சொல்கிறார்கள். நாயின் தோலில் போட்டால் பூச்சியை மட்டும் கொல்லும் மருந்து, பூனையின் உடம்பில் வெளியேற வழியில்லாமல் நரம்புகளைத் தீண்டிக்கொண்டே இருக்கிறது. பெட்டி இருந்திருந்தால் பூனைக்குப் போடாதே என்ற எச்சரிக்கை அதில் இருந்திருக்கும். சித்தியின் சூடத்தையும் பாட்டியின் மண்ணெண்ணெயையும் பற்றிக் கேட்டேன். அவையும் ஆகாது, பூனையின் மேல் எதைத் தடவினாலும் அது நக்கித் தின்றுவிடும் என்றார். நான் ஒதுக்கிய வைத்தியங்களுக்கும் நான் செய்த வைத்தியத்துக்கும் என்ன வேறுபாடு என்று யோசித்துக்கொண்டே பேருந்தில் திரும்பினேன். அவர்கள் சொன்னார்கள், நான் செய்தேன். அவ்வளவுதான்.

தொரை மூன்று இரவு அங்கே இருந்தது. முதல் இரவு இரண்டு முறை வலிப்பு வந்ததாகச் சொன்னார்கள்.

வீட்டில் யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அது இன்னும் கடினமாக இருந்தது. சனிக்கிழமை மாலை பாட்டிக்குப் புண் துடைத்துக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா அடுப்படியில் இருந்தார். பாட்டி எதையோ தொடர்ந்து பேசுவது போலச் சொல்லத் தொடங்கினார்.

"தோட்டத்த வித்தப்போ லாரி வந்துச்சு. தொண்ணூத்தாறு. சாமான எல்லாம் ஏத்தியாச்சு. நாயிங்கள அங்கயே விட்டுட்டோம், அடுக்குமாடி வீட்டுக்கு நாயக் கொண்டாரக் கூடாதுன்னுட்டாங்க. லயத்துல நம்ம வீட்டுக்குள்ள ஒரு பூன இருந்துச்சு. வெள்ள. லாரி சத்தத்துக்குப் பயந்து பால்மரத்துப் பக்கம் ஓடிருச்சு. டிரைவரு நிக்க மாட்டேன்னுட்டான். ஒரு மங்குல சோறு வச்சிட்டு ஏறிட்டேன்."

நான் கட்டைச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

"அதுக்குப் பேரு வைக்கல. பூனன்னுதான் சொல்லுவோம். பேரு வச்சிருந்தா கூப்ட்டுப் பாத்திருக்கலாம்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. பாட்டி வேறொன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. இத்தனை ஆண்டுகளில் தோட்டத்தைப் பற்றி எத்தனையோ கதைகள் சொல்லியிருக்கிறார். தீமிதித் திருவிழா, கம்பிவேலிப் பள்ளிக்கூடம், வெள்ளத்தில் நடந்த கல்யாணம் என்று. இந்தக் கதையை நான் கேட்டதே இல்லை. தோட்டத் துண்டாடலைப் பற்றி முதலாமாண்டில் ஓர் இடுபணிக்காகப் பதினைந்து பக்கம் எழுதி நல்ல புள்ளி வாங்கியவள் நான்.

அம்மா குறித்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. பூனையைச் சந்தைக்குக் கொண்டுபோகும் பேச்சே எழவில்லை. அப்பாவும் நானும் போய்த் தொரையை அழைத்து வந்தோம். கட்டணம் ரிங்கிட் 860. கடனுதவிப் பணத்தில் எனக்கு மிஞ்சியிருந்ததில் பாதியைக் கொடுத்தேன். மீதியை அப்பா கொடுத்தார். சீன அங்கிளிடம் நடந்ததை மாற்றிச் சொல்லிவிட்டோம், வயிற்றுக்கோளாறு என்று. அவர் நல்ல மனத்தோடு கொடுத்தது. தெரிந்தால் தூங்கமாட்டார்.

இனிப் பூச்சி. இந்தக் களேபரத்தில் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. உடம்பு தேறும்வரை இரண்டு வாரம் எந்தப் பூச்சி மருந்தும் வேண்டாம், சீப்பும் சவர்க்கார நீரும் மட்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நாள்தோறும் காலையில் வாரி, சீப்பில் சிக்கியதைச் சவர்க்கார நீரில் முக்குவேன். தெள்ளுப்பூச்சியை நகத்தால் நசுக்க முடியாது, பக்கவாட்டில் தட்டையாக, கவசம் போட்டதைப் போல இருக்கும். அதன் துள்ளலும் சாதாரணமானதன்று. காலின் அடியில் ரெசிலின் என்ற ரப்பர் போன்ற புரதத்தை அழுத்தி வைத்திருந்து ஒரே நொடியில் விடுவிக்கிறதாம். ரப்பர் மரத்தோடு வாழ்ந்த பாட்டியிடம் இதைச் சொன்னபோது, "அதான பார்த்தேன்" என்றார்.

உண்மையில் பூனையின் மேல் இருப்பது படையின் ஒரு சிறு பகுதிதான். பெண்பூச்சி நாளொன்றுக்கு நாற்பது முட்டைக்குமேல்கூட இடும். முட்டை வழவழப்பானது, மயிரில் தங்காது. பூனை படுக்கும் இடமெல்லாம் உப்புத் தூவியதைப் போல உதிரும். புழு வெளிச்சத்துக்கு அஞ்சி மெத்தைக்கு அடியிலும் தரை இடுக்கிலும் ஒளிந்து, பெரிய பூச்சிகளின் எச்சத்தைத் தின்று வளரும். பிறகு கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டுக்குள் மருந்து போகாது. வெளியில் சூடும் அதிர்வும் மூச்சுக்காற்றும் தெரியும்வரை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், காத்திருக்கும். குளிர்காலம் உள்ள நாடுகளில் வெளியிடத்தில் இதற்குக் கொஞ்சம் ஓய்வு உண்டு. நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் ஆண்டு முழுவதும் திருவிழாதான். ஆகவே பாட்டியின் பாயைக் கழித்துவிட்டுப் புதுப்பாய் வாங்கினோம். படுக்கை விரிப்புகளை வாரமிருமுறை சுடுநீரில் துவைத்தோம். வரவேற்பறை நாற்காலி இடுக்குகளில் எல்லாம் தூசு உறிஞ்சியை விட்டு, பையைக் கட்டி அன்றன்றே குப்பையில் போட்டேன். என் விடுமுறை முழுவதும் இப்படியே கழிந்தது. இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு ஒரு பக்கம்கூட எழுதவில்லை.

இரண்டு வாரம் கழித்து, பூனைக்கென்றே செய்த மருந்தை அம்மாதான் வாங்கி வந்தார். செலாமெக்டின். பெட்டியில் பூனைப் படம். அம்மா கடையிலேயே கண்ணாடி போட்டுக்கொண்டு குறிப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாராம். கடைக்காரப் பையன் இரண்டு முறை உதவிக்கு வந்துவிட்டுப் போனானாம். வீட்டுக்கு வந்து என்னிடம் கொடுத்து, "நீயும் படி" என்றார். படித்தேன். தம்பியைப் படிக்கச் சொன்னார். அவனும் படித்தான்.

ஆனால் யார் போடுவது? என் காலடிச் சத்தம் கேட்டாலே தொரை அலமாரிக்கு அடியில். துண்டைக் கண்டால் தம்பிக்கே நடுக்கம். என் கையில் இருந்த குழலைப் பார்த்துவிட்டு, "இங்க குடு" என்றார் பாட்டி. நுனியை நான் திருகித் திறந்து கொடுத்தேன். எங்கே வைக்க வேண்டும் என்று என் பிடரியையே காட்டினேன். சரி, நீ வெளிய போ என்றார். சன்னல் வழியாகப் பார்த்தேன். அவித்த நெத்திலி நாலைந்தைத் தட்டில் போட்டுத் தரையில் வைத்தார். முழங்கால் வலியோடு மெல்ல அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். தொரை வந்து தின்னத் தொடங்கியது. பாட்டி அதன் தலையைத் தடவினார், பிடரியைத் தடவினார், மயிரை விலக்கினார், ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். தொரை ஒரு முறை தலையைத் தூக்கியது. பாட்டி "தின்னுங்க, தின்னுங்க" என்றார். முடிந்துவிட்டது. துண்டு இல்லை, ஆள் பிடிக்கவில்லை.

அன்று இரவு நாங்கள் ஐந்து பேரும் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டுப் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதன் காது அசைந்தபோதெல்லாம் யாராவது ஒருவர் எழுந்தோம். பதினொரு மணிக்கு அது புரண்டு படுத்து வயிற்றைக் காட்டித் தூங்கியது. அப்பா முதலில் எழுந்து படுக்கப் போனார்.

ஒரு வாரம் கழித்து அம்மா ஒரு பூச்சியைக் கண்டுபிடித்து, மருந்து வேலை செய்யவில்லை என்று அறிவித்தார். கூட்டிலிருந்து புதிதாக வெளிவந்தது, பூனைமேல் ஏறினால் செத்துவிடும், எல்லாக் கூடும் தீர மூன்று மாதம் ஆகலாம் என்று நான் விளக்கினேன். அம்மா நம்பவில்லை. ஆனால் நாள்காட்டியில் அடுத்த மாதத்து நாளைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். மூன்றாம் வட்டம் வந்தபோது நான் விடுதியில் இருந்தேன். "பாட்டி கால் ஆறிருச்சு. தொரைக்கு இன்னிக்குப் போட்டாச்சு" என்று அழைத்துச் சொன்னார். அதன்பிறகு ஒவ்வொரு மாதமும் அந்த அழைப்பு வருகிறது. சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்பாகவே அந்தச் செய்தியைச் சொல்லிவிடுவார்.

அந்த ஆண்டுத் தீபாவளிக்கு வீட்டுக்குப் போனேன். தொரை பாட்டியின் மடியில் இருந்தது. நன்றாகச் சதை போட்டிருந்தது. வாசலில் நான் காலணியைக் கழற்றும் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தது. பிறகு அவசரமே இல்லாமல் மடியிலிருந்து இறங்கி, அறைக்குள் நடந்து, அலமாரிக்கு அடியில் போய்விட்டது.

"தொரைக்கு இன்னும் கோவம் தீரல" என்றார் பாட்டி. "பையக் கீழ வச்சிட்டு, கையக் கழுவிட்டு வா. நெத்திலி எடுத்துத் தாரேன்."